16-வது போர்ட் முடிந்ததும் மறுபடியும் முதல் போர்ட்

ஒரே ஒரு அவுட்புட் உள்ள சிக்னல் ஜெனரேட்டரை கேலிப்ரேட் செய்வதற்கும் சிக்னல் கொடுத்து மாட்யூல்களைச் சோதிக்கும், 16 போர்ட் (சிக்னல் வெளியே வரும் இணைப்பு வாய்) உள்ள டெஸ்டரை கேலிப்ரேட் செய்வதற்கும் என்ன பெரிய வித்தியாசம், அதே வேலையை 16 தடவை செய்யப்போகிறோம், அவ்வளவுதானே என்றுதான் வேலையில் சேர்ந்த புதிதில் நினைத்திருந்தேன். முதல் போர்ட்டில் கைவைப்பதற்கும் கடைசி போர்ட்டை முடிப்பதற்கும் நடுவில் அரை நாள் ஓடிவிடும். அந்த அரை நாளில் அறையின் சூடு, கேபிள், சென்சர், நம் கை எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக மாறும். அந்த மாற்றமும் சேர்ந்துதான் அட்டவணையில் எண்ணாக உட்காரும்.

வேலை இதுதான். கருவியை ஒரு மணி நேரம் சூடேற விடுவோம். சிக்னலின் பவரை அளக்கும் பவர் மீட்டரை ஜீரோ செய்து, அதன் 50 மெகாஹெர்ட்ஸ், 1 மில்லிவாட் ரெஃபரன்ஸில் சரிபார்ப்போம். அப்புறம் அந்த மீட்டரின் சென்சரை ஒவ்வொரு போர்ட்டிலும் மாட்டி, 400 மெகாஹெர்ட்ஸிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் வரை, கேட்ட பவருக்கும் வந்த பவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பதிவுசெய்வோம். அந்த வித்தியாசம்தான் அந்த போர்ட்டின் திருத்த அட்டவணை.

ஒரு முறை நான் செய்த கேலிப்ரேஷனில் முதல் எட்டு போர்ட் வரை எந்தப் பிரச்சினையும் இல்லை. அதற்குப் பிறகு 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே அளவு மெதுவாக இறங்க ஆரம்பித்தது, 16-வது போர்ட்டில் 0.4 டெசிபெல் குறைவு. உள்ளே ஸ்விட்சுகள் கிளை பிரிந்து போகின்றன, கடைசி போர்ட்டுகளுக்குப் பாதை நீளம், அதனால் இழப்பும் கூடுதல் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நம்பும்படியான காரணம், அதனால்தான் மேற்கொண்டு தோண்டவில்லை. அட்டவணையைச் சேமித்துக் கருவியை உற்பத்தி லைனுக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து லைனிலிருந்து ஒரு மாட்யூலோடு வந்தார்கள். எவ்வளவு பலவீனமான சிக்னல் வரை பிடிக்கிறது என்று பார்க்கும் ரிசீவர் சென்சிட்டிவிட்டி சோதனையில் முதல் போர்ட்டில் வைத்தால் ஃபெயில், 16-ல் வைத்தால் பாஸ். இல்லாத இழப்பை ஈடுகட்டப்போய், 16-வது போர்ட்டில் தேவைக்கு மேல் 0.4 டெசிபெல் பவரைத் தள்ளிக்கொண்டிருந்தோம். நல்ல மாட்யூல் ஃபெயில் ஆகியிருந்தால் உடனே சத்தம் வந்திருக்கும். ஓரத்தில் நிற்கும் மாட்யூல் சத்தமில்லாமல் பாஸ் ஆகிப் போவதுதான் பயமுறுத்தியது.

எங்கள் சீனியர் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் முடிச்சதும் முதல் போர்ட்டைத் திரும்ப அளந்து பார்த்தீங்களா?"

"இல்லைங்க சார்."

நல்லவேளை, சென்சரையும் அதைப் போர்ட்டோடு இணைக்கும் அடாப்டரையும் யாரும் கழற்றவில்லை. அப்படியே கொண்டுபோய் முதல் போர்ட்டில் மாட்டினோம். அங்கேயும் 6 கிகாஹெர்ட்ஸில் 0.4 குறைவு! போர்ட் பக்க நட்டை ஒவ்வொரு தடவையும் டார்க் ரெஞ்சில்தான், எஸ்எம்ஏ வகைக் கனெக்டருக்கு உரிய 0.56 நியூட்டன் மீட்டரில் முறுக்கியிருந்தேன். ஆனால் அப்படி முறுக்கும்போதுதான் தவறு நடந்திருக்கிறது. நட்டோடு சேர்ந்து அடாப்டரின் உடம்பும் இம்மியளவு திரும்பி, சென்சர் பக்கத்து இணைப்பு ஒவ்வொரு போர்ட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. தளர்ந்த இணைப்பு தாழ்ந்த அதிர்வெண்ணில் காட்டிக்கொடுக்காது, மேலே போகப் போகத்தான் தெரியும். இப்போதெல்லாம் இரண்டு ஸ்பானர் இல்லாமல் நான் எந்த இணைப்பையும் தொடுவதில்லை, ஒன்று உடம்பைப் பிடிக்க, மற்றொன்று நட்டைத் திருப்ப.

அதன் பிறகு போர்ட்டுகளை 1, 2, 3 என்று வரிசையில் அளப்பதையே நிறுத்திவிட்டேன். கலைத்துப்போட்ட வரிசையில் அளந்தால், நேரத்தோடு நகரும் பிழை போர்ட் எண்ணோடு சேர்ந்து அழகான சரிவாகத் தெரியாது, தாறுமாறாகத் தெரியும், உடனே சந்தேகம் வரும். நாலு போர்ட்டுக்கு ஒரு தடவை முதல் போர்ட்டுக்குத் திரும்பி வருவேன். 0.05 டெசிபெலுக்கு மேல் நகர்ந்திருந்தால் அந்த நாலையும் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி அளப்பேன்.

இணைப்பில் அலை திரும்பி வராமல் பொருந்துவது, அதாவது மேட்சிங் பற்றியும் சொல்லியாக வேண்டும். போர்ட்டின் விஎஸ்டபிள்யூஆர் (அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்) 1.5, சென்சருடையது 1.22 என்றால், இரண்டுக்கும் நடுவில் எதிரொலிக்கும் அலையால் மட்டுமே கூட்டியோ குறைத்தோ 0.17 டெசிபெல் வரை பிழை வரலாம். சென்சருக்கு முன்னால் சிக்னலைக் குறைக்கும் நல்ல 6 டெசிபெல் பேட் ஒன்றைப் போட்டால் அது 0.05-க்கும் கீழே வந்துவிடும். ஆனால் அந்தப் பேடின் இழப்பை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் நெட்வொர்க் அனலைசரில் அளந்து வைத்திருக்க வேண்டும். பேடின் மேல் எழுதியிருக்கும் 6 என்ற எண்ணை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

அளக்காத போர்ட்டுகளைத் திறந்து விடுவதும் அப்படித்தான். உள்ளே சிக்னலைப் பல போர்ட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இருக்கும் கருவியில் திறந்த போர்ட்டிலிருந்து திரும்பி வரும் அலை பக்கத்து போர்ட்டின் அளவைக் கெடுக்கும். ஒரு தடவை வரைபடத்தில் சுமார் 105 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு அலை என்று ஏற்ற இறக்கம் வந்தது. கேபிளில் அலையின் வேகம் ஒளியின் வேகத்தில் 0.7 மடங்கு என்று வைத்துக் கணக்குப் போட்டால் எதிரொலிக்கும் இடம் 1 மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். போய்ப் பார்த்தால் 1 மீட்டர் நீட்டிப்புக் கேபிள் ஒன்று, முனையில் அலையை உறிஞ்சும் 50 ஓம் டெர்மினேஷன் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

7-வது போர்ட்டில் சென்சரை மாட்டிவிட்டு 8-க்கு அளவைச் சேமிப்பது இன்னொரு பழைய தொல்லை. அதற்கு மென்பொருளிலேயே வழி செய்துவிட்டோம். அளப்பதற்கு முன் அந்த ஒரு போர்ட்டில் மட்டும் சிக்னலைப் போட்டு அணைத்துப் பார்க்கும், சென்சர் அசையவில்லை என்றால் நின்றுவிடும்.

முதல் போர்ட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவதால் ஒரு கருவிக்கு இருபது நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. உற்பத்திப் பிரிவு இதைக் குறைக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டுவிட்டது. இரண்டு தடவையும் அந்த 0.4 டெசிபெல் வரைபடத்தை எடுத்துக் காட்டினேன், அந்த இருபது நிமிடம் இன்னும் வேலை நேர அட்டவணையில் இருக்கிறது.