இலத்தீன் பூசையிலிருந்து பங்குக் கோயிலுக்கு: பதிவேடு முதல் ஜெபமாலை வரை

பழைய இலத்தீன் பூசைதான் பூசை என்று வளர்ந்தவர்கள் ஊர்ப் பங்குக்கு வர நினைக்கும்போது முதலில் கேட்பது, "எங்களை எப்படிச் சேர்த்துக்கொள்வார்கள்?" என்பதுதான். பத்தாம் பயஸ் சபையின் (பழைய பூசையை விடாமல், ரோமாபுரியோடு முழுதாக ஒத்துப்போகாமல் நிற்கும் குருக்கள் சபை) கோயிலில் வளர்ந்த பொதுநிலையினருக்கு அப்படிச் சேர்ப்புச் சடங்கு எதுவும் கிடையாது. ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்தே நீங்கள் கத்தோலிக்கர். அந்தக் கோயிலுக்குப் போனதாலேயே யாரும் திருச்சபைக்கு வெளியே போய்விடுவதில்லை. 1991இல் ஹவாயில் ஹோனலூலு ஆயர் இப்படிப் போய்வந்த ஆறு பேரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். 1993இல் ரோமாபுரி அந்த ஆணை செல்லாது என்றது. ஆகவே குற்றவாளிபோல் பங்குத்தந்தை முன்னால் நிற்க வேண்டாம். சரிசெய்ய வேண்டியவை சில காகிதங்களும் ஒரு நல்ல பாவசங்கீர்த்தனமும்தான். மற்றதெல்லாம் பழக்கம்.

ஆனால் நீங்கள் இருந்தது எந்தக் குழு என்பதை முதலில் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே இலத்தீன், ஒரே முக்காடு. சட்டப்படி ஒன்றுக்கொன்று வெகு தூரம். பேராயர் லெஃபெவ்ர் 1970இல் தொடங்கியது பத்தாம் பயஸ் சபை. தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் இருப்பது அதன் இல்லம். 1988இல் அவர் திருத்தந்தையின் அனுமதியின்றி நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தியபோது பிரிந்து, ரோமாபுரியோடு நின்றவர்கள் தொடங்கியது புனித பேதுரு குருக்கள் சபை. அவர்களிடம் வளர்ந்தவர் சரிசெய்ய ஒன்றுமே இல்லை. பேதுருவின் இருக்கை காலி, இப்போது திருத்தந்தையே இல்லை என்பவர்கள் முற்றிலும் வேறு. அங்கிருந்து வருகிறவர்கள் ஒவ்வொரு அருட்சாதனத்தையும் மறைமாவட்ட அலுவலகத்தில் தனித்தனியாகக் கேட்டுத் தீர்க்க வேண்டும். கீழே சொல்வது பத்தாம் பயஸ் சபையிலிருந்து வருகிறவர்களுக்கு.

நீங்கள் கிளம்புவதை யாரிடமும் அறிவிக்கும் முன் ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல், திருமணம் எல்லாவற்றுக்கும் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்றிதழ் வாங்கி வையுங்கள். மனக்கசப்பு வந்தபிறகு போய்க் கேட்பது இரு பக்கமும் சங்கடம். சான்றிதழ் கிடைக்கவே இல்லை என்றாலும் வழி உண்டு. ஞானஸ்நானத்தை நிரூபிக்க நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சி போதும் என்கிறது திருச்சபைச் சட்டம் 876. ஞானத்தாயோ ஞானத்தந்தையோ நேரில் வந்து சொன்னால் முடிந்தது. அன்று எடுத்த போட்டோ இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்று பலர் நின்றுவிடுகிறார்கள். போதாது. பங்குப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம், துறவற வார்த்தைப்பாடு எல்லாம் பிற்பாடு அந்த ஓரத்தில்தான் ஏறும். உங்கள் பெயர் எந்தப் பங்கு ஏட்டிலும் இல்லையென்றால் அந்தக் குறிப்புகளுக்குப் போய்ச்சேர இடமில்லை. இருபது வருடம் கழித்து மகளுக்கு ஓலை (கோயிலில் திருமண அறிவிப்பு) வாசிக்கும் நேரத்தில்தான் இது தெரியவரும். கல்யாணத் தேதி நெருங்கும்போது அலைச்சல். எனவே மறைமாவட்ட அலுவலகத்துக்கு எழுதி, உங்கள் விவரங்களை எந்த ஏட்டில் பதிவது என்று கேட்டு முடிக்கும்படி பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள்.

உறுதிபூசுதலைச் சபையின் ஆயர் கொடுத்திருந்தால் அது செல்லும். மறுபடி வாங்கக் கூடாது. சான்றிதழில் ஆயரின் பெயரும் தேதியும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஏற்கனவே பங்கில் பெற்று, பூசிய எண்ணெய் சரியானதா என்ற சந்தேகத்தால் பின்னர் "முன்னது செல்லாதிருந்தால்" என்ற நிபந்தனையோடு இன்னொரு முறை பெற்றவர்களுக்கு முதலில் பெற்றதே நிற்கும்.

திருமணம்தான் எல்லாவற்றிலும் கவனம் வேண்டிய இடம். கத்தோலிக்கர் திருமணம் செல்ல, அதிகாரம் பெற்ற குருவும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் சம்மதம் சொல்ல வேண்டும். சபைக் குருக்களுக்கு அந்த அதிகாரம் பொதுவாக இருந்ததில்லை. 2017 மார்ச் 27 தேதியிட்ட கடிதத்தில்தான் திருத்தந்தை பிரான்சிஸ் வழி திறந்தார். மறைமாவட்டக் குரு ஒருவர் வந்து சம்மதத்தைக் கேட்டு வாங்கலாம். அது முடியாத இடத்தில் சபைக் குருவுக்கே ஆயர் அதிகாரம் கொடுக்கலாம். ஆக 2017க்குப் பிந்திய திருமணம் என்றால் ஆயர் அலுவலக அனுமதிக் கடிதம் கோப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கு முந்தியது என்றால் முறைக்குறைவு இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நீங்களாகவே "செல்லாது" என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டில் குழப்பம் உண்டாக்காதீர்கள். அதைச் சொல்ல வேண்டியது மறைமாவட்டம்.

குறை இருந்தால் இரண்டு வழி. ஒன்று, பங்குத்தந்தை, இரு சாட்சிகள் முன்னால் தம்பதியர் சம்மதத்தைப் புதிதாகச் சொல்வது. கூட்டமோ பந்தலோ தேவையில்லை. காலைப் பூசைக்குப் பிறகு சில நிமிடத்தில் முடியும். இரண்டாவது, வேரிலிருந்தே செல்லுபடியாக்குவது. இதில் யாரும் மறுபடி சம்மதம் சொல்வதில்லை. முதலில் கொடுத்த சம்மதம் இன்றும் நிலைக்கிறது என்று கண்டு, ஆயர் ஆணையால் திருமணத்தைச் செல்லுபடியாக்குவார். அதன் பலன் திருமண நாளுக்கே பின்னோக்கிப் போகும். கணவன் வந்து, மனைவி பழைய கோயிலிலேயே இருக்கும் வீடுகளுக்கு இதுதான் சரி. "முப்பது வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு அப்புறம் மறுபடியும் தாலி கட்டணுமா?" என்று கேட்கும் மனைவியை வற்புறுத்தி எழுந்து நிற்கவைத்தால், அந்தச் சம்மதமே அரைகுறையாகிவிடும். பிள்ளைகளைப் பற்றிய பயம் தேவையற்றது. நல்லெண்ணத்தோடு செய்த திருமணத்தில் பிறந்தவர்களை முறைப்படி பிறந்தவர்கள் என்றே சட்டம் (1137) சொல்கிறது.

பாவசங்கீர்த்தனத்தில் சிக்கல் காலத்தைப் பொறுத்தது. 2015 டிசம்பரில் தொடங்கிய இரக்கத்தின் ஆண்டில் சபைக் குருக்கள் கொடுக்கும் பாவமன்னிப்பு செல்லும் என்று திருத்தந்தை அறிவித்தார். 2016 நவம்பரில் அதை நீட்டித்தார். அதற்கு முந்தியவை? நல்மனதோடு மண்டியிட்டவரைத் தண்டிப்பது திருச்சபையின் நோக்கமல்ல. பொதுத் தவறு நேரும் இடத்தில் அதிகாரத்தைத் திருச்சபையே ஈடுசெய்யும் என்ற விதியும் (144) உண்டு. மனம் அமைதியாக வாழ்நாள் முழுவதற்குமாக ஒரே ஒரு பொதுப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். சனி மாலை வரிசையில் வேண்டாம். வார நாளில் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். கனமான பாவங்களை வகையும் தோராயமான எண்ணிக்கையுமாக அரைத்தாளில் குறித்துக்கொண்டு போனால் போதும். பூசை மாறக் காரணமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வரலாற்றை விளக்கத் தொடங்கினால் பாவம் மறந்துவிடும். பலர் தடுக்கி விழுவது இதற்குப் பிறகுதான். அடுத்த மாதமே சந்தேகம் வந்து முழுவதையும் திரும்பச் சொல்வார்கள், பிறகு இன்னொரு சாமியாரிடம். கடுமையான வளர்ப்பு விட்டுச்செல்லும் காயம் அது. ஒரே குருவிடம் போங்கள். அவர் "இனி சொல்லாதே" என்றால் கீழ்ப்படியுங்கள். அப்படியும் தூக்கம் கெட்டால் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

பூசைக்கு முதன்முதலாகப் போகத் தேர்ந்தெடுக்கக் கூடாத நாள் திருவிழா ஞாயிறு. மைக், கீபோர்டு, அறிவிப்பு எல்லாம் சேர்ந்து திருப்பி ஓடவைத்துவிடும். வார நாள் ஆறு மணிப் பூசைக்கு இரண்டு மாதம் போங்கள். சத்தம் குறைவு, என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். முதலாம் நற்கருணை மன்றாட்டு நீங்கள் அறிந்த பழைய ரோமைக் கனோன்தான். அது வரும் நாளில் தமிழிலேயே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

நன்மை வாங்க முழந்தாளிட்டு நாவில் வாங்குவது உங்கள் உரிமை. அதற்காக நன்மையை மறுக்கக் கூடாது என்று 2004இல் ரோமாபுரி எழுதியிருக்கிறது. முழந்தாளிடுமுன் பின்னால் வருகிறவருக்கு இடம் விடுங்கள், இல்லையென்றால் மேலே தடுக்கி விழுவார். கன்னியர் கையிலிருந்து வாங்க மனம் ஒப்பவில்லை என்றால் குருவின் வரிசையில் நில்லுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். உபவாசம் இப்போது ஒரு மணி நேரம். தண்ணீரும் மருந்தும் கணக்கில் இல்லை. மூன்று மணி நேரம் காக்க விரும்பினால் காக்கலாம், மீறினால் பாவம் என்று எண்ணவேண்டாம். சனி மாலைப் பூசை ஞாயிறு கடமைக்குச் செல்லும்.

நாட்காட்டியும் மாறும். புனித தோமையார் திருநாள் டிசம்பர் 21 அல்ல, ஜூலை 3. கிறிஸ்து அரசர் அக்டோபர் கடைசி ஞாயிறு அல்ல, திருவருகைக் காலத்துக்கு முந்திய ஞாயிறு. வேளாங்கண்ணிக்கு மாற்றமில்லை, செப்டம்பர் 8தான்.

எல்லாவற்றையும்விட வாய்தான் மெதுவாக மாறும். "பிதா, சுதன்" என்று தொடங்கிய நாவு "தந்தை, மகன், தூய ஆவியார்" என்று சொல்லத் திணறும். "பரமண்டலங்களிலே" என்று நீங்கள் தொடங்கும்போது சுற்றிலும் "விண்ணுலகில்" என்பார்கள். கோயிலில் எல்லாரோடும் சொல்லுங்கள். தனியாகப் பழையதைச் சொல்லுங்கள். அவை நம் பாட்டிமார் சொன்ன ஜெபம், அதில் தவறு ஒன்றுமில்லை.

பெற்றோர் வீட்டுக்குப் போகும்போது சங்கத்தைப் பற்றிய வாக்குவாதம் வேண்டாம். ஜெபமாலை இரு பக்கமும் ஒன்றுதான். வியாழன் இரவு நீங்கள் ஒளியின் மறைபொருளுக்குப் பழகியிருப்பீர்கள், அம்மா சந்தோஷ தேவ இரகசியம் தொடங்குவார். 2002இல் இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறைபொருளைச் சேர்த்தபோதே அவரவர் விருப்பத்துக்கு விட்டார். அம்மா தொடங்கியதையே சொல்லுங்கள்.