ஆண்டுக்கு இரண்டு முறை வீடு மாறும் தோட்டம்

சிங்கப்பூரின் தெங்கா நகரில் எங்கள் வட்டாரத்துக்குப் பெயர் பிளான்டேஷன் டிஸ்ட்ரிக்ட், அதாவது தோட்ட வட்டாரம். எங்கள் அடுக்குமாடி வீட்டிலோ ஒரு கைப்பிடி மண் கிடையாது, பால்கனியும் இல்லை. புது வீட்டுச் சாவி வாங்கிய அன்று அத்தை கேட்ட முதல் கேள்வி: “துளசிய எங்கம்மா வைக்கிறது?”

வாசலில் பொதுக் காரிடார், பின்கட்டில் துணி காயப்போடும் இடம். அவ்வளவுதான் எங்கள் நிலபுலன். தீப்பிடித்தால் ஆள் வெளியேற காரிடாரில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். கணவர் அளந்து தரையில் டேப் ஒட்டினார். வீட்டுச் சுவரோரம் எங்களுக்கு மிஞ்சியது ஒரு முழத்துக்கும் குறைவு. அதில் மூன்றடுக்கு இரும்பு ஸ்டாண்ட் போட்டோம். தரையில் வைத்தால் கைப்பிடிச் சுவரின் நிழல் விழுகிறது. அந்தச் சுவர் மேலே வைக்கலாமே என்று நினைக்கவே கூடாது, கீழே நடப்பவர் தலை என்ன ஆவது?

2024 மே மாதம் குடிவந்தோம். வாசல் வடக்குப் பார்த்தது. காலை எட்டிலிருந்து பத்து மணி வரை வெயில் சாய்வாக உள்ளே வந்து ஸ்டாண்டில் படும். துளசி, மல்லிகை, தேக்கா சந்தையில் வாங்கிய கறிவேப்பிலைக் கன்று எல்லாம் தளதளவென்று வந்தன. நான் பெரிய தோட்டக்காரி ஆகிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

நவம்பரில் மல்லி பூப்பதை நிறுத்தியது. துளசி வெளிறி, ஒல்லியாக நீண்டது. சத்துக் குறைவு என்று உரத்தை அள்ளிக் கொட்டினேன், நுனிகள் கருகின. அத்தை ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சூரியன் தெற்கே போயி ரெண்டு மாசமாச்சு. உரம் என்னம்மா பண்ணும்?”

அப்புறம்தான் உறைத்தது. ஊரில், பட்டுக்கோட்டையில், ஆண்டின் பெரும்பகுதி உச்சி வெயில் தெற்கிலிருந்துதான் வரும். சிங்கப்பூரோ பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் நமக்கு வடக்கே, மீதி மாதங்களில் தெற்கே. தோட்டத்துக்கு நான் போட்ட அழகான வரைபடத்தில் கதவு, ஜன்னல், செருப்பு அலமாரி எல்லாம் இருந்தன. சூரியன் மட்டும் இல்லை.

சரி, தோட்டத்தை இரண்டாகப் பிரித்தோம். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) வேரோடு பிடுங்கிக் கொடுத்த, சமையலுக்கு வாசனை தரும் பாண்டானும் வெற்றிலைக் கொடியும் நிழலில் பிழைத்துக்கொள்ளும், அவை காரிடாரிலேயே நிரந்தரம். வெயில் கேட்பவை மட்டும் சக்கரப் பலகையில் ஏறி, செப்டம்பர் கடைசியில் வரவேற்பறை வழியாகத் தெற்குப் பார்த்த பின்கட்டுக்குப் போகும். மார்ச் கடைசியில் திரும்பி வரும். ஏற்பாடெல்லாம் சுலபம்தான். ஈரமண் தொட்டியின் கனம்தான் முதுகுக்குத் தெரியும்.

தொட்டிக்கடித் தட்டுகள் மகள் பொறுப்பு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும், அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டைக் கவிழ்த்து விளிம்பைத் தேய்க்கிறாள். சோதனைக்கு வருபவர்கள் கண்ணில் கொசுப்புழு பட்டால் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம், அவள் கைச்செலவுப் பணத்தில் கழிப்பேன் என்று மிரட்டி வைத்திருக்கிறேன்.

போன மார்ச்சில் கறிவேப்பிலையைத் தள்ளிவந்தபோது புது வினைல் தரையில் ஒரு கீறல். கணவர் இன்னும் அதை மிதிக்காமல் தாண்டித்தான் போகிறார். அத்தை அதன்மேல் ஒரு பாய் விரித்துவிட்டார். செப்டம்பரில் துளசி போகிற வழியும் அதுதானாம்.