எலியாவின் தலைமாட்டில் இருந்த அடை

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுத்து, அதில் அச்சாகியிருக்கும் வசனத்தை அந்த ஆண்டுக்கென்று தேவன் நமக்குத் தந்ததாக ஏற்றுக்கொள்வது வழக்கம். மனம் மிகவும் சோர்ந்திருந்த ஓர் ஆண்டில் என் கைக்கு வந்தது எரேமியா 29:11. நம்மைக் குறித்துக் கர்த்தர் கொண்டிருக்கும் நினைவுகள் ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்று சொல்லும் அந்த வசனத்தைக் காலண்டரிலும் ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒட்டாத கிறிஸ்தவ வீடு குறைவு. எனக்கோ அதைப் படிக்கும்போதெல்லாம் ஆறுதலைவிட எரிச்சலே மிகுந்தது.

எரிச்சலோடுதான் ஒருநாள் அதற்கு முந்தைய அதிகாரத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதர்கள் இரண்டே ஆண்டுகளில் திரும்பிவிடுவார்கள் என்று அனனியா என்னும் தீர்க்கதரிசி எல்லோருக்கும் முன்பாக அறிவிக்கிறான். அப்படியே ஆகட்டும் என்று எரேமியா தீர்க்கதரிசியும் ஆமென் சொல்கிறார். ஆனால் கர்த்தருடைய வார்த்தை வேறாக இருக்கிறது. சிறைப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய நிருபத்தில், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், எழுபது ஆண்டுகள் நிறைவேறிய பின்பே உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று இருக்கிறது. அட்டையில் வந்த வசனம் அந்த எழுபது ஆண்டுகளுக்கு அடுத்த வரி. அதைப் பெற்றவர்களில் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். இது தெரிந்த பிறகு அந்த வசனம் என்னைக் குத்தவில்லை. சீக்கிரம் சரியாகிவிட வேண்டும் என்ற நெருக்கடியை எனக்கு ஏற்படுத்தியது அந்த வசனமல்ல, அதைத் தனியாகக் கத்தரித்து எடுத்த நம் பழக்கம் என்று புரிந்தது.

என் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு, வகுப்புக்குள் நுழையும் முன் வராந்தாவில் நின்று கையிலிருக்கும் குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்கும் நிலை வந்தது. தெரிந்த பாடமே தெரியாததுபோல் தோன்றும். என்னைவிடத் தகுதியான ஒருவர் இருக்க வேண்டிய இடத்தை நான் அடைத்துக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் காலையில் கண் விழிக்கும்போதே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த நாட்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். கர்மேல் பர்வதத்தில் வானத்திலிருந்து அக்கினியை வரவழைத்த எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே ராணி யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும், நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல’ என்கிறார். பெரிய வெற்றி கிடைத்த கையோடு ஒரு மனிதன் தன்னைப் பிறரோடு ஒப்பிட்டு, தான் எதற்கும் ஆகாதவன் என்று முடிவு கட்டுவதை வேதம் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. அதற்கு மறுமொழியாக அவருக்குக் கண்டிப்பு வரவில்லை, கர்மேலை நினைத்துப் பார் என்ற உபதேசமும் வரவில்லை. தூதன் அவரைத் தட்டியெழுப்பி, ‘எழுந்திருந்து போஜனம்பண்ணு’ என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிடுகிறார், நன்றிகூடச் சொல்லாமல் திரும்பப் படுத்துக்கொள்கிறார். தூதன் கோபப்படாமல் இரண்டாந்தரமும் வந்து எழுப்புகிறான்.

மனச்சோர்வுக்கு மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள், ஆனால் இந்த அதிகாரத்தை அவர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. தேவன் எலியாவோடு பேசுவதற்கு முன் அவருடைய பசியையும் களைப்பையும் கவனித்திருக்கிறார் என்றால், தூக்கத்துக்கும் உடலுக்கும் மனத்துக்கும் மருந்து கேட்பதில் என்ன பாவம்? நான் மருத்துவரிடம் போனேன். போகத் தயங்குகிறவர்களுக்கு அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

வேதத்திலுள்ள சங்கீதங்களும் துணை நின்றன, ஆனால் எல்லோரும் பரிந்துரைக்கும் 23 அல்ல. கோராகின் புத்திரருடைய பாடல்களில் 42-ஆம் சங்கீதம், ‘என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?’ என்று தன்னோடு தானே பேசுகிறது. நம்பிக்கையை எட்டிப் பிடித்த பிறகும் அதே கேள்விக்குத் திரும்புகிறது. 88-ஆம் சங்கீதமோ எந்த நம்பிக்கையையும் எட்டாமல், சிநேகிதரும் தோழரும் விலகிப்போன புலம்பலோடு அப்படியே நின்றுவிடுகிறது. கடைசியில் ஒரு துதியைச் சேர்த்து முடித்திருக்கலாம், சேர்க்கவில்லை. துதிப்பாடல்களுக்குப் பஞ்சமில்லாத நம் ஆராதனைகளில் அந்தச் சங்கீதத்தை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். இரவில் வேறு ஜெபம் வராதபோது நான் அதைத்தான் சத்தமாக வாசித்தேன்.

மறுபடியும் எலியாவிடம் வருகிறேன். ஓரேப் மலையில் ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்று கர்த்தர் இருமுறை கேட்கிறார். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, மெல்லிய சத்தம் எல்லாம் இடையில் கடந்துபோன பிறகும், நான் ஒருவன் மாத்திரமே மீதியாயிருக்கிறேன் என்ற அதே பதிலைத்தான் எலியா சொல்கிறார். அவ்வளவு பெரிய தரிசனமும் அவர் மனத்தை அந்தக் கணமே மாற்றிவிடவில்லை. கர்த்தர் வாதாடாமல் மூன்று வேலைகளைக் கொடுக்கிறார்: ஆசகேலைச் சீரியாவுக்கும் யெகூவை இஸ்ரவேலுக்கும் ராஜாக்களாகவும், எலிசாவைத் தீர்க்கதரிசியாகவும் அபிஷேகம்பண்ண வேண்டும். பாகால் என்னும் அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7000 பேர் இஸ்ரவேலில் இருப்பதையும் போகிறபோக்கில் தெரிவிக்கிறார்.

அந்த மூன்றில், ஏர் உழுதுகொண்டிருந்த எலிசாவை அழைத்தது மட்டுமே எலியா செய்ததாக எழுதப்பட்டிருக்கிறது. ஆசகேல் ராஜாவாவான் என்று அவனிடம் சொன்னவர் எலிசா. யெகூவை அபிஷேகம்பண்ணியது எலிசா அனுப்பிய ஒரு வாலிபன். எலியா அந்த இரண்டையும் செய்யவில்லை என்று யாரும் அவர்மேல் குறை எழுதிவைக்கவில்லை. நான் விடுப்பில் இருந்த பருவத்தில் மீதமிருந்த பாடங்களை என்னைவிட வயதில் இளைய ஒருவர் நடத்தினார். மாணவர்கள் நன்றாகவே எழுதித் தேறினார்கள்.