விதையைத் தவிர எதையும் உணவென்று ஏற்காத பட்ஜி

எங்கள் பட்ஜி என்னும் சிறு கிளி வீட்டுக்கு வந்தபோது அதன் நெற்றிக் கோடுகள் மூக்கின் மேலுள்ள மெழுகுத்தோல் வரை இறங்கியிருந்தன. முதல் இறகுதிர்ப்பில் மறைந்துவிடும் அந்தக் கோடுகள், பறவை நான்கு மாதத்தை எட்டவில்லை என்பதற்கு அடையாளம். இளம் பறவை என்பதால் உணவை மாற்றுவது எளிது என்றார் பறவை மருத்துவர். அவர் வளர்ந்த பறவையோடு ஒப்பிட்டே எளிது என்றிருக்கிறார் என்பது போகப் போகத்தான் விளங்கியது.

விற்றவர் கொடுத்தனுப்பிய விதைக் கலவையையே தொடக்கத்தில் கொடுத்து வந்தோம். புது இடம், புது மனிதர்கள், புதுக் கூண்டு என்று எல்லாமே மாறியிருக்கும்போது உணவையும் சேர்த்து மாற்றினால், அஞ்சி ஒடுங்கிய பறவை தின்பதையே நிறுத்திவிடக்கூடும். நம் கண்முன்னே தயங்காமல் கிண்ணத்துக்கு இறங்கி வரும் வரை பொறுத்திருப்பதே நல்லது. அந்த நாட்களில் நான் அருகிலிருந்து கவனித்தது அது விதை தின்னும் விதத்தை. ஒரு தினையை எடுத்து, தடித்த சிறு நாக்கால் மேலலகோடு அழுத்தி உருட்டுகிறது. கீழலகின் விளிம்பில் உமி பிளந்து வெளியே விழுகிறது. பருப்பு உள்ளே போகிறது. இவ்வளவும் ஒரு நொடிகூடப் பிடிப்பதில்லை. உமி முழுவதும் அதே கிண்ணத்தில்தான் விழுகிறது என்பதால், பறவை பசியோடு இருக்கும்போதும் கிண்ணம் நிறைந்திருப்பதுபோலத் தோன்றும். ஆகவே தினமும் உமியை ஊதிவிட்டுத்தான் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

விதைதானே பட்ஜியின் இயற்கை உணவு, அதை ஏன் மாற்ற வேண்டும் என்று வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலப் பகுதிகளில் வாழும் காட்டுப் பட்ஜிகள் புல்விதைகளையே பெரிதும் நம்பியிருக்கின்றன. ஆனால் அவை பலவகைப் புற்களின் விதைகளைப் பால்பிடித்த பருவத்திலும் முற்றிய பருவத்திலும் தேடித் தின்கின்றன. அந்தத் தேடலுக்காக நெடுந்தூரம் பறக்கவும் செய்கின்றன. கூண்டிலிருக்கும் பறவைக்கோ கிடைப்பது இரண்டு மூன்று வகைக் காய்ந்த விதைகள். பறக்கும் தூரமோ ஓர் அறையைத் தாண்டாது. காய்ந்த விதைகளில் வைட்டமின் ஏ, கால்சியம், அயோடின் மூன்றுமே குறைவு. சூரியகாந்தி விதை கலந்திருந்தால் கொழுப்பும் மிகுதி. பல ஆண்டுகள் இப்படியே தின்னும் பட்ஜிகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிவதும் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டிகள் தோன்றுவதும் மருத்துவர்கள் அடிக்கடி காண்பவை. அயோடின் போதாமல் தைராய்டு சுரப்பி வீங்கினால் அது மூச்சுக்குழலை அழுத்த, பறவை கீச்சென்ற ஒலியோடு மூச்சுவிடத் தொடங்கும்.

மாற்றத்தைத் தொடங்குமுன் நாங்கள் வாங்கியது ஒரு கிராம் துல்லியமுள்ள சிறு தராசு. அதன் மேல் ஒரு குச்சியைப் பொருத்தி, காலையில் முதல் எச்சம் போட்டபின், தீனி வைக்குமுன் நிறுத்தோம். எங்கள் பறவை 34 கிராம் இருந்தது. பட்ஜியின் உடல்வாகுக்கு ஒரு நாள் பட்டினியே ஆபத்தானது. பசித்தால் தானாகத் தின்னும் என்ற மனிதக் கணக்கு இங்கே செல்லாது. தெரியாத பொருளை உணவென்று அறியாத பறவை, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டினி கிடக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும் சரிவு தெரிந்தால் உடனே பழைய உணவுக்குத் திரும்ப வேண்டும் என்று மருத்துவர் வரம்பு வைத்தார். என்னைப் பொறுத்தவரை, இந்த வேலை முழுவதிலும் பயன்பட்ட பொருள் அந்தத் தராசுதான். அது இல்லாமல் விதையைக் குறைக்க எனக்குத் துணிவு வந்திருக்காது.

கீரையில் தொடங்கினோம். கிண்ணத்தில் நறுக்கி வைத்ததை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் கழுவிய கொத்தமல்லிக் கொத்தை ஈரத்தோடு உயர்ந்த குச்சியின் அருகே கட்டித் தொங்கவிட்டபோது, பறவை அதற்குள் தலையை நுழைத்து, இறகுகளைச் சிலிர்த்து, இலைகளின் நீரில் குளிக்கத் தொடங்கியது. குளியலுக்கு நடுவே ஓர் இலையின் விளிம்பைக் கடித்தது. விழுங்கியதா, துப்பியதா என்று தெரியவில்லை. ஆனாலும் இலை வாய்க்குள் போகக்கூடிய ஒன்று என்று அது அறிந்துகொண்டது. பட்ஜிகள் கூட்டமாகத் தின்பவை என்பதால், கூண்டருகே உட்கார்ந்து நானும் அதே தழையை மென்று காட்டினேன். பார்ப்பவர்கள் சிரித்தாலும் இது வேலை செய்யும் உத்தி. பாலக்கீரையிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிணைத்துவிடும் என்பதால் அதை எப்போதாவது மட்டுமே வைத்தோம். கால்சியத்துக்காகக் கடல்நுரை என்று விற்கப்படும் கணவாய் ஓட்டைக் கூண்டில் மாட்டியிருந்தோம்.

அடுத்த படி முளைகட்டிய விதை. நன்கு தெரிந்த தினைதான், ஆனால் ஈரமாகவும் மென்மையாகவும் இருக்கிறது. காய்ந்த விதைக்கும் புது உணவுக்கும் இடையில் இதைவிட நல்ல பாலம் எனக்குத் தெரியவில்லை. இரவு முழுவதும் ஊறவைத்து, பலமுறை அலசி, வெள்ளை முனை எட்டிப்பார்த்ததும் கொடுத்தோம். புளித்த வாடை சிறிது வந்தாலும் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். வைத்ததையும் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

உண்மையான இழுபறி பெல்லட்டில்தான். தேவையான சத்துகளைக் கலந்து சிறு உருண்டைகளாக்கிய அந்த உணவு, பறவையின் கண்ணுக்கு வெறும் மணல். முதலில் அதைப் பொடித்து ஈரமான முளைவிதையின் மேல் தூவினோம். முளையை உரிக்கும்போது சுவை நாக்கில் படுமல்லவா. பிறகு ஒரு கண்ணாடியைத் தரையில் படுக்கவைத்து, அதன் மேல் விதையையும் பெல்லட் துகளையும் கலந்து பரப்பினோம். தன் பிம்பம் கொத்துவதை இன்னொரு பறவை தின்பதாக எண்ணி இதுவும் கொத்தியது. அதன்பின் காலையில் பசி மிகுந்திருக்கும் முதல் ஒரு மணி நேரம் பெல்லட் மட்டும், பிறகு அளந்த விதை என்று ஒழுங்கு செய்தோம். கொத்துவதெல்லாம் தின்பது ஆகாது. அலகில் பொடித்துக் கீழே தள்ளிவிட்டு நம்மை ஏமாற்றும். எச்சத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். எண்ணிக்கை குறைந்து, கரும்பச்சையாகச் சிறுத்துப் போனால் வயிற்றில் ஒன்றுமில்லை என்று பொருள். ஒருமுறை அப்படித் தெரிந்து எடையும் இரண்டு கிராம் இறங்கியதால், விதையைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு மெதுவாக மறுபடி தொடங்கினோம். பெல்லட் உண்மையாகவே உள்ளே போகத் தொடங்கியபோது எச்சம் பழுப்பு நிறத்துக்கு மாறியது. கீரை தின்ற நாட்களில் அதில் நீர் கூடுதலாக இருப்பது வயிற்றுப்போக்கு அல்ல.

வெண்ணெய்ப் பழம், சாக்லேட், காபி, மது, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை ஆகியவை கூண்டருகே வரக்கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தோம். குறிப்பாக வெண்ணெய்ப் பழம் பட்ஜியைக் கொன்றுவிடும்.

இப்போது அதன் உணவில் ஏறக்குறைய பாதி பெல்லட். மீதி கீரை, காய், முளைவிதை, அளந்த காய்ந்த விதை. பெல்லட் மட்டுமே என்ற நிலைக்கு நாங்கள் போகவில்லை. தேடித் தின்னும் வேலையும் பறவைக்கு வேண்டும் என்பது என் எண்ணம். தினைக்கதிர் கிண்ணத்திலிருந்து நீங்கி, கைக்கு வந்து உட்காரப் பழக்கும்போது தரும் கூலியாகிவிட்டது. கேரட்டை மெல்லிதாகத் துருவினால் தின்கிறது, துண்டாக வைத்தால் இன்னும் தொடுவதில்லை. குடைமிளகாயில் சதையை ஒதுக்கிவிட்டு விதைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கும் ஏதாவது வழி கண்டுபிடிக்க வேண்டும்.