பக்கத்து வீட்டு நாய் எங்கள் குழியில் விழுந்தது: ஸ்டேஷனிலிருந்து மக்கள் நீதிமன்றம் வரை

மழைநீர் சேகரிப்புக்காக உறை இறக்க எங்கள் வீட்டு முன்புறம் பத்தடிக் குழி ஒன்று தோண்டியிருந்தோம். அதில் பக்கத்து வீட்டு நாய் விழுந்து முன்னங்கால் முறிந்துவிட்டது. சிப்பிப்பாறை நாய். நாலரை அடி காம்பவுண்டுச் சுவர் அதற்கு வாசற்படி மாதிரி. மேஸ்திரி சாயங்காலம் கிளம்பும்போது குழியின்மேல் தகர ஷீட்டைப் போட்டு, நாலு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டுப் போயிருந்தார். நாய் சுவரைத் தாண்டி நேராகத் தகரத்தின் நடுவில் குதித்தது. எதிர்வீட்டு கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது.

ஏணி இறக்கி, சாக்கில் சுற்றித் தூக்கி, தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். எலும்பில் பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். அந்த வீட்டு சார் ரிட்டயர்டு ஆனவர். கையில் பணம் போதவில்லை என்றார். அங்கேயே 5,000 ரூபாய் ஜிபே செய்தேன். அந்த 5,000-தான் பிறகு பெரிய பேச்சாகியது. மொத்த பில் 46,000 வந்ததும், "தப்பு உங்க மேல இல்லேன்னா எதுக்குத் தம்பி அன்னைக்குக் காசு கொடுத்தீங்க?" என்று கேட்டார். மீதியையும் நான்தான் கட்ட வேண்டும் என்றார். பேச்சு முற்றி, ஸ்டேஷனில் மனு கொடுத்துவிட்டார். சி.எஸ்.ஆர். (மனுவைப் பதிவு செய்து தரும் ரசீது) போட்டு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

ஏட்டையா நல்ல மாதிரிதான் பேசினார். ஆனால் பேச்சோடு பேச்சாக, "பி.என்.எஸ். 325 சார், அஞ்சு வருஷம் வரைக்கும் போகும், பேசி முடிச்சுக்குங்க" என்றார். பி.என்.எஸ். என்றால் பாரதிய நியாய சன்ஹிதா, புதிய தண்டனைச் சட்டம். அன்றிரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை.

மறுநாள் வக்கீலைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. அவர் சொன்னது இதுதான். 325-வது பிரிவு, விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது பற்றியது. ஐந்தாண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்பதும் உண்மை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 428, 429 என்று இரண்டு பிரிவாக, விலங்கின் விலை பத்து ரூபாயா ஐம்பது ரூபாயா என்று பார்த்து வைத்திருந்தார்கள். 2024 ஜூலை முதல் அந்த விலைக் கணக்கெல்லாம் போய், எந்த விலங்கானாலும் ஒரே பிரிவு. ஆனால் குற்றம் என்று ஆவதற்கு, நஷ்டம் உண்டாக்க வேண்டும் என்ற எண்ணமாவது, உண்டாகும் என்று தெரிந்திருந்ததாவது இருக்க வேண்டும். தகரம் போட்டு மூடிய குழியில் அது எங்கே இருக்கிறது? "கருவாட்டுல மருந்து வெச்சிருந்தீங்கன்னா நானே உங்க கேஸை எடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

1960-ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் இதற்கு வராது என்றார். அது கொடுமை செய்பவர்களுக்கானது. அதன் 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய் வரைதான் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் இளநீர்கூட அந்த விலைக்குக் கிடைக்காது.

என் மைத்துனர் சும்மா இருப்பாரா? "நாயை அவிழ்த்துவிட்டது அவங்க தப்பு, 291 போட்டு எதிர்ப்புகார் கொடுங்க மாமா" என்றார். பி.என்.எஸ்.-இன் அந்தப் பிரிவு, நாயால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத உரிமையாளரைப் பற்றியது. இங்கே அடிபட்டதே நாய்தான். வக்கீல் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அந்த அடுத்த விஷயம்தான் உண்மையான வழக்கு: கவனக்குறைவுக்கான நஷ்டஈடு. இது சிவில் விவகாரம். யார் எவ்வளவு கட்டுவது என்று தீர்ப்புச் சொல்ல ஸ்டேஷனுக்கு அதிகாரம் கிடையாது. நம் நாட்டில் இதற்கென்று எழுதிவைத்த தனிச் சட்டமும் இல்லை. ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் பொதுக் கொள்கைகளை வைத்துத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. என் பக்கம்: நாய் அனுமதியில்லாமல் சுவர் தாண்டி வந்தது, சொந்தக்காரர் கட்டி வைக்கவில்லை. அவர் பக்கம்: நாய் தினமும் அந்தச் சுவரில் ஏறி வருவது எனக்குத் தெரியும், தகரம் போதுமான மூடி இல்லை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. அப்படி இருந்தால் நீதிமன்றம் பொறுப்பைப் பிரிக்கும் என்றார் வக்கீல்.

இதற்குள் பக்கத்து வீட்டு சாருடைய வக்கீல் நோட்டீஸும் வந்துவிட்டது. மருத்துவச் செலவோடு மன உளைச்சலும் சேர்த்து ஒன்றரை லட்சம். பதில் நோட்டீஸில் முதல் வரியே அந்த 5,000 பற்றித்தான்: அது மனிதாபிமான உதவி, பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாது. பணம் அனுப்பும்போதே ஒரு வரி மெசேஜில் இதைப் போட்டிருந்தால் போதும் என்பது வக்கீலின் கட்சி. அடிபட்ட நாய் அலறிக்கொண்டிருக்கும்போது எவன் அப்படி மெசேஜ் அடிப்பான் என்பது என் கட்சி.

கேமரா பதிவுதான் அவசரம். பெரும்பாலான ரெக்கார்டர்களில் சில வாரங்களில் பழையது அழிந்து புதியது ஏறிவிடும். எதிர்வீட்டாரிடம் கேட்டுப் பென் டிரைவில் வாங்கினோம். கோர்ட்டில் காட்ட வேண்டுமென்றால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதையும் எழுதி வாங்கினோம். கடைசியில் அது தேவைப்படவில்லை. ஆனால் அந்தப் பதிவு இருக்கிறது என்று தெரிந்ததுமே இரண்டு பக்கமும் குரல் இறங்கியது.

இன்னொன்றும் நடந்தது. நாய்க்கு உள்ளாட்சி லைசென்ஸ் இல்லை. அதை வைத்து மடக்கலாம் என்று வக்கீலின் ஜூனியர் சொன்னார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். நாளைக்கும் அதே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கப்போகிறவர்கள் நாங்கள்.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம் என்ற யோசனை பக்கத்து வீட்டு சாருடைய மகளிடமிருந்து வந்தது. வழக்குப் போடுவதற்கு முன்பே, வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்தால் மக்கள் நீதிமன்றத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கோர்ட் ஃபீஸ் இல்லை. மற்றவருக்கு நோட்டீஸ் அவர்களே அனுப்புகிறார்கள். எங்களை உட்கார வைத்துப் பேசிய அமர்வில் இருந்த நீதிபதி பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மன உளைச்சல் தொகைக்கு என்ன ஆதாரம் என்று அவரைக் கேட்டார். பக்கத்திலேயே நாய் இருப்பது தெரிந்தும் தகரம் மட்டும் எப்படிப் போதும் என்று என்னைக் கேட்டார். பில் தொகையில் பாதி, அதாவது 23,000. ஏற்கெனவே கொடுத்த 5,000 கழித்து 18,000. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்த உத்தரவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. நகலைக் கையோடு வாங்கிக்கொண்டேன். சார் அதில் ஒரு பிரதியை ஸ்டேஷனில் கொடுத்து, மனுவை மேற்கொண்டு நடத்த விரும்பவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

மேஸ்திரியிடம்தான் இன்னும் கணக்கு முடியவில்லை. மூடி போட வேண்டியது அவர் வேலை, 18,000-இல் பாதியையாவது ஏற்க வேண்டும் என்கிறேன். "உறைக்கு மூடி நீங்கதானே சார் அப்புறம் வாங்கிக்கலாம்னீங்க" என்கிறார் அவர். கடைசித் தவணை என் கையில்தான் இருக்கிறது.