முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி: சில மாதக் குறிப்புகள்

பிப்ரவரி 24

வலது முழங்கால் இந்த முறை அடங்குவதாக இல்லை. முடக்கு வாதத்துக்காக வாரம் ஒருமுறை விழுங்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையால் விரல் மூட்டுகளின் வீக்கம் ஓரளவு வடிந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் கைகள் இறுகிக் கிடக்கும் நேரமும் குறைந்திருக்கிறது. முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. மடக்கினால் பின்புறம் இழுக்கிறது, நீட்டினால் முழுவதுமாக நீளவில்லை, முழங்காலின் முன்னுள்ள வட்ட எலும்பான சில்லின் இருபுறமும் இருக்க வேண்டிய குழிவையும் காணவில்லை. இன்று வாத நோய் மருத்துவர் தொடைப் பக்கமிருந்து ஒரு கையால் மூட்டில் கட்டியிருந்த நீரைக் கீழே தள்ளி, மறு கையின் விரலால் சில்லை அழுத்தியபோது, அது மிதந்து போய் எலும்பில் தட்டுவது எனக்கே தெரிந்தது.

மூட்டுக்குள்ளேயே, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார். மாத்திரையாகக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டேன். அடங்காமல் இருப்பது ஒரு மூட்டு. அதற்காக உடல் முழுவதற்கும் மருந்தைப் பரப்புவானேன் என்பது அவர் கணக்கு. மெத்தோட்ரெக்சேட்டின் அளவை இப்போதுதான் கூட்டியிருக்கிறார். அதன் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம் என்பதால், அதுவரை மூட்டின் வீங்கிய உட்சவ்வு குருத்தெலும்பை அரித்துக்கொண்டிருக்க விடக் கூடாது என்கிறார். ஊசி நோயை மாற்றாது, இந்த மூட்டுக்கு அவகாசம் மட்டுமே வாங்கித் தரும் என்பதையும் அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். சொல்லாமல் போடுகிறவர்களும் உண்டு என்பதால் இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

பிப்ரவரி 27

ஊசிக்கு முன் கேட்ட கேள்விகள் ஊசியைவிட நீளம். காய்ச்சல் உண்டா, சிறுநீர்த் தொற்று உண்டா, பல்லில் சீழ் உண்டா, தோலில் புண் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறீர்களா, சர்க்கரை எவ்வளவு, அந்த மூட்டில் செயற்கை மூட்டு ஏதும் பொருத்தியிருக்கிறதா. மூட்டுக்குள் கிருமி இருக்கும் நிலையில் ஸ்டீராய்டு போனால், எதிர்த்து நிற்க வேண்டிய படையையே கலைத்துவிட்டதாகும். ஆகவே இந்த விசாரணையில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டொன்றை வைத்து, சில்லின் வெளிப்பக்க மேல் ஓரத்தில் மூடிய பேனாவின் முனையால் அழுத்தி ஓர் அடையாளம் இட்டார். மை இல்லாத அந்தச் சிறு பள்ளம், தோலைக் கிருமிநாசினியால் துடைத்த பின்னும் அழியாமல் நின்றது. முதலில் மரத்துப்போகும் மருந்து. அந்த எரிச்சல்தான் மொத்தத்திலும் கூர்மையானது. பெரிய ஊசி உள்ளே போகும்போது வலியைவிட அழுத்தமே அதிகம் தெரிந்தது.

நீர் வரத் தொடங்கியது. ஆரோக்கியமான மூட்டில் இந்த நீர் மிகக் கொஞ்சமாக, தெளிவாக, முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும் பதத்தில் இருக்குமாம். என்னுடையது கலங்கிய மஞ்சள். மருத்துவர் சிரிஞ்சுக்குப் பின்னால் அச்சிட்ட தாள் ஒன்றைப் பிடித்துக் காட்டினார். எழுத்துகள் இருப்பது தெரிந்ததே தவிர, ஒன்றையும் படிக்க முடியவில்லை. ஒரு சொட்டைத் தள்ளிப் பார்த்தபோது அது நூலாக நீளாமல் தண்ணீரைப் போல் சொட்டென்று விழுந்தது. அழற்சி மூட்டின் வழவழப்பைத் தின்றுவிட்டதை இதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் எனக்குச் சொன்னதில்லை. சீழ் போல் இருந்திருந்தால் ஊசியே போட்டிருக்க மாட்டேன் என்றும், ஐயத்துக்கு இடமில்லாமல் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ஒரு குப்பியை அனுப்புவதாகவும் சொன்னார். நீரை முதலில் எடுத்துவிட்டுப் போடும்போது வீக்கம் திரும்ப வருவது குறைகிறதாம்.

ஊசி அங்கேயே இருக்க, சிரிஞ்சை மட்டும் மாற்றினார். டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு, 40 மில்லிகிராம். குப்பியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்த மருந்தைக் குலுக்கியதும் பால் நிறமானது. கரையாத நுண்படிகங்கள் அவை. மெல்ல மெல்லக் கரைவதால்தான் வாரக்கணக்கில் வேலை செய்கின்றன.

பிப்ரவரி 28

நேற்று மாலை கால் என்னுடையதே இல்லை என்பது போல் இலகுவாக இருந்தது. அது உடன் கலந்திருந்த மரப்பு மருந்தின் வேலை. சில மணி நேரத்தில் அது தீர்ந்தது. இரவு முழங்கால் முன்னைவிடக் கனன்றது. படிகங்களே மூட்டை எரிச்சலூட்டுவதால் சிலருக்கு முதல் இரண்டு நாட்களில் இப்படி ஆகும் என்று எச்சரித்திருந்தார்கள். ஐஸ் ஒத்தடமும் பாராசிட்டமாலும் போதுமாம். அதற்கும் தொற்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டு வைத்திருந்தேன்: படிக எரிச்சல் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் அடங்கும், தொற்று பெரும்பாலும் சில நாள் கழித்துத் தலைகாட்டி, நாளுக்கு நாள் கூடும், காய்ச்சலும் வரலாம். தொற்று மிக அரிது என்றாலும், அப்படித் தோன்றினால் காத்திராமல் அன்றே போக வேண்டும்.

முகம் சிவந்து சூடாக இருக்கிறது. தூக்கமும் இல்லை. மூட்டில் போட்ட மருந்து மூட்டோடு நிற்பதில்லை.

மார்ச் 3

எழுந்து கழிப்பறைக்குப் பாதி வழி போன பிறகுதான், சுவரைப் பிடிக்காமல் நடக்கிறேன் என்பது உறைத்தது. குழிவுகள் திரும்பிவிட்டன. கல்ச்சரில் கிருமி இல்லை.

முதல் இரண்டு நாட்கள் முழங்காலுக்கு ஓய்வு கொடுத்தேன். ஊசிக்குப் பிந்தைய ஓய்வு முழங்காலுக்குப் பலனைக் கூட்டியதாக ஆய்வு உண்டு. மணிக்கட்டுக்கு அவ்வாறு தெரியவில்லை என்பது வேடிக்கை. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாட்கள் அளவு ஏறும் என்பதால், அவர்கள் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

மார்ச் 11

படுத்திருந்த நாட்களில் இதன் வரலாற்றைப் படித்தேன். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவர் ஃபிலிப் ஹென்ச் முடக்கு வாதத்தால் முடங்கிய ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கும், இந்த ஹார்மோன்களை ஆராய்ந்த வேதியியலாளர்கள் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு. பக்க விளைவுகள் அந்தக் கொண்டாட்டத்தை விரைவிலேயே தணித்தன. மருந்தை மூட்டுக்குள்ளேயே செலுத்தும் வழியை 1951-இல் ஜோசப் ஹாலண்டர் ஹைட்ரோகார்ட்டிசோனைக் கொண்டு வெளியிட்டார். அந்த வழியின் கடைசி வரிசையில் நான் நிற்கிறேன்.

உறவினர் ஒருவர், ஊசி குருத்தெலும்பைத் தின்றுவிடும் என்று தொலைபேசியில் பயமுறுத்தினார். அவர் கேள்விப்பட்டது 2017-இல் வந்த ஆய்வாக இருக்க வேண்டும். அதில் 12 வாரத்துக்கு ஒருமுறை 2 ஆண்டுகள் ஊசி போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு சற்றுக் கூடுதலாகத் தேய்ந்ததும், வலியில் உப்புநீர் ஊசியைவிட ஆதாயம் இல்லாததும் உண்மை. ஆனால் அவர்கள் மூட்டுத் தேய்மான நோயாளிகள். முடக்கு வாதத்தில் குருத்தெலும்பை அரிப்பது அழற்சி கொண்ட சவ்வு. அதை எரியவிட்டால் வரும் சேதத்தையும் தராசில் வைக்க வேண்டும். அதற்காகக் கணக்கில்லாமல் போட்டுக்கொள்ளலாம் என்பதும் இல்லை. ஒரே மூட்டில் 3 மாத இடைவெளியாவது வேண்டும் என்கிறார்கள்.

ஏப்ரல் 7

முழங்கால் வாயை மூடியதும் இடது மணிக்கட்டு பேசத் தொடங்கியிருக்கிறது. அது இத்தனை நாளும் வலித்திருக்க வேண்டும். பெரிய கூச்சலில் சின்னக் குரல் கேட்கவில்லை. அங்கேயும் ஒன்று போட்டுவிடுங்கள் என்று மருத்துவரிடம் கேட்கத்தான் போனேன். தோல் மெலிந்த இடத்தில் மருந்து கசிந்தால் நிறம் வெளுத்து, அடியிலுள்ள கொழுப்பு கரைந்து பள்ளம் விழக்கூடும் என்றவர், தடை அதுவல்ல, மூட்டுக்கு மூட்டு ஊசியைத் துரத்திக்கொண்டு போனால் அடிப்படை மருந்தான மெத்தோட்ரெக்சேட் வேலை செய்கிறதா என்பதே தெரியாமல் போய்விடும் என்றார். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இன்னும் உயர்ந்தே இருக்கிறது. சல்ஃபாசலசின் என்ற இன்னொரு வாத மாத்திரையையும் சேர்த்திருக்கிறார். கோபம் வந்தது, வீட்டுக்கு வந்து யோசித்ததில் அவர் சொன்னதே சரி என்று பட்டது. முழங்கால் நலமாக இருப்பதை வைத்து நான் நலமாகிவிட்டதாக ஒரு மாதம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே 26

முழங்காலில் லேசாக நீர் கட்டுகிறது. 3 மாதம் ஆகப்போகிறது என்பதால் விதிப்படி இன்னொரு ஊசிக்குத் தடையில்லை. ஆனால் இரண்டு மருந்துகள் எடுத்தும் மணிக்கட்டும் முழங்காலும் ஒருசேர வீங்குவதால், அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட இலக்குகளைத் தடுக்கும் உயிரியல் மருந்துக்குப் போவதே முறை என்று இன்று பேசி முடிவாயிற்று. அதற்கு முன் மறைந்திருக்கும் காசநோய்க்கும் கல்லீரல் அழற்சி வைரஸ்களுக்கும் சோதனை வேண்டும். மார்பு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, இரத்தம் கொடுத்தாயிற்று. அந்த மருந்து தொடங்கும்வரை நடமாட்டம் கெடாமலிருந்தால் ஊசி வேண்டாம், கெட்டால் ஒன்று போடலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம்.