ஹாட்ஸ்பாட்டை நம்பி நான்கு உபுண்டு கணினிகளைப் புதுப்பித்த விதம்

தண்டையார்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டர். உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் நான்கு பழைய கணினிகள். மொபைல் ஹாட்ஸ்பாட்தான் இன்டர்நெட், யூபிஎஸ் கிடையாது. டேட்டாவும் தீரக்கூடாது, பாதியில் கரண்டும் போகக்கூடாது. அதனால் டவுன்லோடைத் தனியாகவும் இன்ஸ்டாலைத் தனியாகவும் வைத்துக்கொண்டோம்.

உபுண்டுவில் மென்பொருளை இறக்கி நிறுவும் கட்டளை 'ஆப்ட்', அதை நிர்வாகி அனுமதியுடன் ஓட்டுவது 'சூடோ'. முதலில் நான்கிலும் 'சூடோ ஆப்ட் அப்டேட்'. இது எந்த மென்பொருளையும் மாற்றாது. புது வெர்ஷன்களின் பட்டியலை மட்டும் இறக்கும். அடுத்து ஒரே ஒரு கணினியில் 'ஆப்ட் அப்கிரேட்', கூடவே 'டவுன்லோட் ஒன்லி' ஆப்ஷன். இறங்கும் டெப் ஃபைல்கள் (ஒவ்வொன்றும் ஒரு பேக்கேஜ், அதாவது மென்பொருள் தொகுப்பு) 'வார்' ஃபோல்டருக்குள் கேஷ், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஆர்கைவ்ஸ் என்ற இடத்தில் சேரும். அவற்றைப் பென் டிரைவில் எடுத்து மற்ற மூன்றிலும் அதே ஃபோல்டரில் போட்டால், அங்கே அப்கிரேட் கொடுக்கும்போது கையில் இருப்பதை ஆப்ட் மறுபடி இறக்காது. நான்கிலும் ஒரே உபுண்டு வெர்ஷன், ஒரே வகை பிராசஸர் இருக்க வேண்டும். இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே காப்பி எடுத்துவிடுங்கள். இன்ஸ்டால் முடிந்ததும் 'ஆப்ட்' அந்த ஃபைல்களை அழித்துவிடும். பழைய 'ஆப்ட்-கெட்' கட்டளை அழிக்காது.

'அப்கிரேட்' தேவைப்பட்டால் புதுப் பேக்கேஜைச் சேர்க்கும், இருப்பதை நீக்காது. 'ஃபுல்-அப்கிரேட்' நீக்கவும் செய்யும். அது காட்டும் நீக்கல் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' தட்டவே கூடாது. சில பேக்கேஜ்கள் 'கெப்ட் பேக்' (நிறுத்தி வைக்கப்பட்டவை) என்று நின்றால் பதற்றம் வேண்டாம். உபுண்டு பல அப்டேட்களை எல்லோருக்கும் ஒரே நாளில் தராமல் கட்டம் கட்டமாக விடுகிறது. சில நாளில் தானே வரும். ஒழுங்காக ஓடும் பிரின்டர் டிரைவரைத் தொட வேண்டாம் என்றால் 'ஆப்ட்-மார்க் ஹோல்டு' கொடுத்து அதை அப்படியே நிறுத்திவைக்கலாம்.

ஃபயர்ஃபாக்ஸ் கதை வேறு. 22.04-இல் அது ஸ்னாப் என்ற வேறு முறையில் வரும் பேக்கேஜ், ஆப்ட் அதைப் புதுப்பிக்காது. ஸ்னாப் ஒரு நாளில் நான்கு முறை தானாகவே அப்டேட் தேடும், ஹாட்ஸ்பாட் டேட்டா அங்கேதான் கரையும். 'ஸ்னாப் ரிஃப்ரெஷ்' உடன் 'ஹோல்டு' ஆப்ஷன் கொடுத்தால் தானியங்கி வேலை நிற்கும். நிறுத்தினால் வாரம் ஒருமுறை கையால் 'ஸ்னாப் ரிஃப்ரெஷ்' கொடுத்தே ஆக வேண்டும். பிள்ளைகள் புழங்கும் பிரவுசரைப் பழசாக விடுவது ஆபத்து.

ஆப்ட் ஓட்டும்போது 'லாக்' பிழை (வேறொரு வேலை பேக்கேஜ் தரவுத்தளத்தைப் பூட்டி வைத்திருக்கிறது என்று பொருள்) வந்தால் பெரும்பாலும் பின்னணியில் தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். காத்திருங்கள். லாக் ஃபைலை அழிக்கச் சொல்லும் யோசனை நிறையக் கிடைக்கும். இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் பேக்கேஜ் தரவுத்தளத்தில் எழுதினால் அது கெட்டுப்போகும், செய்யாதீர்கள். நடுவில் கரண்ட் போய்விட்டால், திரும்ப வந்ததும் 'டிபிகேஜி' (ஆப்டுக்கு அடியில் நிறுவல் வேலையைச் செய்வது) கட்டளையை 'கான்ஃபிகர்', 'ஏ' ஆப்ஷன்களுடன் ஓட்டுங்கள். பிறகு 'ஆப்ட் இன்ஸ்டால்' உடன் 'ஃபிக்ஸ் புரோக்கன்'. பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

22.04-இலிருந்து 24.04-க்குத் தாவ 'டூ-ரிலீஸ்-அப்கிரேட்'. இதைக் கரண்ட் உறுதியாக இருக்கும் நாளில், பேக்கப் எடுத்த பிறகு, ஒரு கணினியில் மட்டும் முதலில் செய்யுங்கள். 20.04 வைத்திருப்பவர்கள் நேரே 24.04-க்குப் போக முடியாது, நடுவில் 22.04 உண்டு. வெளியாரின் ரெப்போக்களை (பேக்கேஜ்களை இறக்கும் இடங்களை) இந்தக் கட்டளை முடக்கிவிடும். புது வெர்ஷனுக்கு அவர்களிடம் பேக்கேஜ் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்க வேண்டும்.